என் பெயரில் வாங்கிய பிஸ்டல்

சால்ட் லிக் ஓடை, கென்டக்கி
2001 மார்ச் 6

அன்புத் தம்பி ஹோபர்ட்டுக்கு,

அக்கா டெல்ஃபியா எழுதுவது. கர்த்தர் கிருபையில் மூச்சு ஓடுகிறது. முழங்கால் மட்டும் வானொலிக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? ஆப்பிள் பை பலகாரத்தைத் தொடாமல் இருக்கிறாயா, இல்லை டாக்டரிடம் மட்டும் அப்படிச் சொல்கிறாயா?

முதலில் என் பிள்ளை, பேரப்பிள்ளைகளின் நல்ல சேதிகள். பிரெண்டா லெக்சிங்டனில் நர்ஸ் பரீட்சை தேறிவிட்டாள். வெள்ளை உடுப்போடு அவள் நிற்கிற படம் என் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. பால் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துத்தான் ஆக வேண்டும். ரோஜரைச் சுரங்கத்தில் மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். கெயில் வளர்த்த பன்றி போன கண்காட்சியில் முதல் பரிசு, நீல ரிப்பன் வாங்கியது. பன்றியை விற்றுவிட்டு மூன்று நாள் அழுதாள். எல்லாருக்கும் மேலே பேரன் லோனி. என் குளியலறையில் பிடிமானக் கம்பி வைத்துக் கொடுத்தான், விறகு பிளந்து அடுக்கினான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு அவன் லாரியில்தான் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவளின் வம்சம் இது. பக்கத்து வீட்டு இனெஸுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அப்படிப்பட்ட பிள்ளையை விட்டுவிட்டு அவன் பெண்டாட்டி ட்ரீசா போய்விட்டாள், தெரியுமா? பிப்ரவரியில் மேஸியைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் போனவள்தான். எங்கே என்று அவனுக்கே தெரியாதாம். ஐந்து வயசுக் குழந்தை எனக்கு ஒரு படம்கூட வரைந்து அனுப்பவில்லை. தாய்க்காரி அனுப்ப விட்டிருக்க மாட்டாள்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. ஓடைக்குக் கீழே மாட்டி கிழவி வீட்டில் எவனோ புகுந்து அவள் முதுகுவலி மாத்திரையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து லோனி பிடிவாதமாக இருக்கிறான். "பாட்டி, நீ தனியா இருக்க. உன் பேர்ல ஒரு பிஸ்டல் வாங்கி வச்சிரலாம்"ங்கிறான். தாத்தாவின் நீளத் துப்பாக்கியைச் சுட்டால் நான்தான் விழுவேன். விலை குறைந்ததாக, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற சின்னதாக ஒன்று போதும் என்கிறான். நீ இரும்புக் கடையில் துப்பாக்கி மேசைக்குப் பின்னால் நின்று கிழவனானவன். வாங்குமுன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுது. போனில் சொல்லாதே, எனக்கு இரைச்சல்தான் கேட்கும்.

புது வாசலுக்குப் படி கட்டினாயாமே, அதை ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் அக்கா
டெல்ஃபியா


டேட்டன், ஓஹையோ
மார்ச் 17

அக்காவுக்கு,

நலம். சர்க்கரை இருக்கிறது, ஆப்பிள் பலகாரமும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்கின்றன.

பிரெண்டாவுக்கு என் வாழ்த்து. பன்றிக்கு அனுதாபம்.

பிஸ்டல் விஷயம். என்னைக் கேட்டால் உனக்கு ரிவால்வர்தான் சரி. தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும். தானேற்றுகிற பிஸ்டலுக்கு விரலில் பலம் வேண்டும். லோனி ஏன் அதையே கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், பளபளப்பைப் பார்க்காதே. கடைக்காரன் கையில் கொடுத்ததும் முதல் வேலை, பிடிக்குள் இருக்கிற மேகசினை, அதாவது தோட்டா அடுக்குகிற கூட்டை, உருவு. மேல்பட்டையைப் பின்னால் இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று பார். பார்த்த பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார், உன் கண்ணை நான் நம்பமாட்டேன். அந்த மேல்பட்டையை நீயே இழுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் இழுத்துக் காட்டினால் அது அவன் துப்பாக்கி, உன்னுடையது இல்லை.

பிறகு குழலை வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்க்கச் சொல். துருக் குழி இருக்கக் கூடாது, நடுவில் வளையம் மாதிரி வீங்கியிருக்கக் கூடாது. வெறும் பிஸ்டலில், கடைக்காரன் சம்மதத்தோடு, குழலுக்குள் பென்சிலை ரப்பர் பக்கமாக இறக்கி, வாயை மேலே தூக்கி விசையை அமுக்கு. உள்ளே இருக்கிற ஊசி நன்றாக அடித்தால் பென்சில் துள்ளும். துள்ளாவிட்டால் அது கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்.

மலிவுப் பிஸ்டலில் முதலில் சாகிறது மேகசின். தோட்டாவைப் பிடித்திருக்கிற அதன் மேல் உதடு வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, இன்னொன்று வாங்கக் கிடைக்குமா என்று கேள். சில வகையில் மேகசின் வெளியே இருந்தால் விசை வேலையே செய்யாது, அதையும் கேட்டுக்கொள். இரும்பில் வெட்டிய வரிசை எண்ணை எவனாவது அரத்தால் ராவியிருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடு.

வீட்டில் மேகசினை ஒரு இடத்திலும் பிஸ்டலை ஒரு இடத்திலும் வை. பேரப்பிள்ளைகள் வருகிற வீடு.

படிக்கட்டின் படம் உள்ளே இருக்கிறது.

ஹோபர்ட்


சால்ட் லிக் ஓடை
மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நலமே. உன் கடிதமும் படமும் வந்தன. துப்பாக்கிக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், ட்ரீசா ஓடிப்போனதற்கு ஒரு வரி இல்லை. சரி, ஆம்பிளைகளுக்கு இரும்புதான் பேசும்.

படி நேராக இருக்கிறது. என் இடது கண்ணில் திரை விழுந்துவிட்டது, இருந்தாலும் படியோரம் சிவப்பாகப் பூந்தொட்டி வைத்திருப்பது தெரிந்தது. எப்போதிலிருந்து நீ பூ வளர்க்கிறாய்? யாராவது விதவை குறுக்கே வந்துவிட்டாளா? லோனியிடம் காட்டிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். "பாட்டி, இத எனக்குக் குடு, சட்டம் போட்டுத் தரேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். உன் மேல் அவ்வளவு பாசம் அவனுக்கு.

டவுனில் அடகுக் கடைக்குப் போனோம். பர்ல் என்கிற தடியன் நடத்துகிறான். நான் மேகசினை உருவி, சுண்டுவிரலை விட்டுத் தடவியதும் அவன் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"யம்மா, நீங்க போலீஸா?"

"இல்லடா, போலீஸ்காரன் எவனும் ஹோபர்ட்டுக்கு அக்காவாப் பொறக்கல. பென்சில் இருந்தா குடு."

முதலில் காட்டியதில் பென்சில் அசையவே இல்லை. இரண்டாவதில் மேகசின் உதடு கோணல். நான் வேண்டாம் என்றேன். லோனிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீ என்ன பாட்டி, போருக்கா போற? ஏதோ ஒண்ணு" என்றான். மேல்பட்டையை என்னால் பாதிதான் இழுக்க முடிந்தது. "நான் இழுத்து வச்சிட்டுப் போறேன், உனக்கென்ன" என்கிறான். அடுத்த வாரம் பர்லுக்குப் புதுச் சரக்கு வருகிறதாம்.

அந்தப் பூ ஜெரேனியமா? நட ஒரு கிளை வெட்டி எனக்குக் கொண்டுவா.

டெல்ஃபியா


டேட்டன்
ஏப்ரல் 2

அக்கா,

நலம். இது அவசரமாக எழுதுவது.

ஆமாம், ஜெரேனியம்தான்.

பிஸ்டல் இப்போதைக்கு வேண்டாம். கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடு, நான் வாங்கி அனுப்புகிறேன். நாய் ஒன்று வளர்த்துக்கொள். அந்தப் படத்தை லோனியிடம் இருந்து இன்றைக்கே திருப்பி வாங்கிவிடு. ஏன் என்று கேட்காதே. யார் பிடிக்கப் போகிறார்களோ அவர்கள் வாங்க வேண்டிய பொருள் அது. அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

ஹோபர்ட்


சால்ட் லிக் ஓடை
ஏப்ரல் 19

தம்பிக்கு,

நான் நலம், நீயும் நலமாக இரு.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் பேரன் என் தலைமாட்டுக்குக் காவல் வைக்கப் பார்க்கிறான், நீ நாய் வாங்கச் சொல்கிறாய். நீ அங்கே போனது முதல் இங்கே இருக்கிறவர்களை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாய். உனக்குப் பிள்ளை இல்லை, பேரன் இல்லை. அதனால் உனக்குத் தெரியாது. இதை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

வாங்கிவிட்டேன். நீ சொன்னது ஒன்று விடாமல் பார்த்தேன். பென்சில் பர்லின் தொப்பி வரைக்கும் துள்ளியது. கடையில் நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள். எண் சுத்தமாக இருக்கிறது. குழல் கண்ணாடி மாதிரி. மேகசின் ஒன்றுதான், இந்த வகையைச் செய்த கம்பெனி மூடிவிட்டதால் இன்னொன்று கிடைப்பது கஷ்டமாம். நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். மேகசின் வெளியே இருந்தால் விசை செத்துக் கிடக்கும் என்று பர்ல் இழுத்துக் காட்டினான். லோனி அதைப் பார்க்கவில்லை, வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குத்தானே தெரிய வேண்டும்.

கையெழுத்துப் போடும் நேரத்துக்கு உள்ளே வந்துவிட்டான். "இது உங்களுக்குத்தானம்மா? வேற யாருக்கும் இல்லையே?" என்று பர்ல் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் லோனி, "பின்ன யாருக்கு? வீட்டுல இருக்குறது இவங்கதான்" என்றான். ஆமாம் என்று நானும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை அழகாக எழுதினேன், பள்ளிக்கூடத்தில் எழுதியது போல.

எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று லாரியிலேயே கேட்டான். அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். புதுப் பொருளை இரண்டு நாளாவது வீட்டில் வைத்திருக்கலாம் என்று ஆசை. பிஸ்டல் மெத்தைக்கு அடியில், மேகசின் சோளமாவு டப்பாவில். இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்டேன்.

டெல்ஃபியா


சால்ட் லிக் ஓடை
மே 13

ஹோபர்ட்டுக்கு,

நான் நலம். உன் நலம் தெரியவில்லை, பதிலே இல்லை. தபால்காரனைப் பார்த்துப் பார்த்து அவன் இப்போது தூரத்திலிருந்தே தலையாட்டிவிடுகிறான்.

பிள்ளை இல்லை என்று எழுதியது தப்புதான். கோபித்துக்கொள்ளாதே.

இன்றைக்கு அன்னையர் தினம். பிரெண்டா பூ அனுப்பினாள். லோனி தேவாலயத்தில் என்னை இறக்கிவிட்டுவிட்டு எங்கோ போய்விட்டான், பிரசங்கம் முடிந்துதான் வந்தான். ஓஹையோவில் வேலை தேடப் போகிறானாம். உன் தெருப் பெயரைக் கேட்டான், உறையைக் காட்டினேன். உன் வீட்டில் தங்கி வேலை தேடட்டும், நீயும் தனி ஆள்தானே.

வீட்டுக்கு வந்து மெத்தையைத் தூக்கினால் பிஸ்டல் இல்லை. கதவு உடையவில்லை. மாத்திரை எல்லாம் அப்படியே இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. லோனியிடம் இன்னும் சொல்லவில்லை, பயந்துவிடுவான்.

டெல்ஃபியா


டேட்டன்
மே 14

அக்கா,

உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன். ஏப்ரல் கடிதம் வந்த நாளிலிருந்து இதை எழுதுகிறேன், கிழிக்கிறேன். இன்றைக்கு ட்ரீசாவே எழுதச் சொன்னாள்.

ஆமாம், ட்ரீசா. பிப்ரவரியிலிருந்து அவளும் மேஸியும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். வந்தபோது அவள் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். லோனி அடித்தது. உனக்குக் கம்பி வைத்துக் கொடுத்த அதே கை. அவன் அவளிடம் நெருங்கக் கூடாது, துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருக்கிறார். கடைக்காரன் அவன் பெயரைச் சொல்லி அரசாங்கத்துக்குப் போன் போட்டால் விற்காதே என்று மறுத்துவிடுவார்கள். அதனால்தான் உன் பெயர்.

உங்கள் பக்கத்தில் இது பாதிப்பேருக்குத் தெரியும். ரோஜருக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

படியோரம் இருந்தது பூந்தொட்டி இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வாங்கிக் கொடுத்த மேஸியின் சிவப்பு மழைப் பூட்ஸ். எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. அவன் கவனித்துவிட்டான்.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்வதில்லை என்று ட்ரீசாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அது பாதிக் காரணம். மீதி, உனக்குத் தெரிந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். மேஸியின் பள்ளி இந்த மாதக் கடைசியில் முடிகிறது, அதோடு வேறு ஊருக்குப் போகிறார்கள்.

பிஸ்டலை அவன் கண்ணில் காட்டாதே.

ஹோபர்ட்


சால்ட் லிக் ஓடை
மே 16

ஹோபர்ட்,

இதைப் படிக்க நீ இருக்கிறாயா என்று தெரியாமலே எழுதுகிறேன். நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

உன் கடிதம் காலையில் வந்தது. இரண்டு தடவை படித்தேன். பிறகு சோளமாவு டப்பாவைத் திறந்து, மேகசினை எடுத்து, பின்னால் பழைய கழிப்பறைக்குப் போய்க் குழியில் போட்டேன். திரும்பிக் கை கழுவும்போது லாரிச் சத்தம். எனக்கே கேட்டது என்றால் எவ்வளவு வேகமாக வந்திருப்பான்.

நேரே அடுக்களைக்கு வந்தான். "பாட்டி, அதோட மேகசின் எங்க?"

"எதோட?"

"வெளையாடாத. பிஸ்டலோட."

"நீயா எடுத்த? நான் திருடன்னு நெனச்சேன்."

"எண்ணெ போட எடுத்தேன்."

"எண்ணெ போடறதுக்கு மேகசின் எதுக்கு?"

சிரித்தான். "எல்லாம் அந்த ஹோபர்ட் சொல்லிக் குடுத்த பாடமா? குடு பாட்டி, நேரமாவுது."

"உக்காரு. அவரைக் கொட்டை வெந்திருக்கு, சோள ரொட்டி சூடா இருக்கு."

உட்கார்ந்தான். பசி அவனுக்கு. சின்ன வயசில் சாப்பிடுகிற மாதிரியே ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டான். அதைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ட்ரீசா தாடைய யாருடா ஒடச்சது?"

கரண்டி நின்றது. "விழுந்தா."

"எது மேல?"

பால் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"எனக்குக் காவல்னு சொன்னியே லோனி. தனியா இருக்க பாட்டின்னு சொன்னியே."

"உனக்கும் சந்தோஷமாத்தான இருந்துச்சு? ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே, என் பேரன் எனக்குப் பிஸ்டல் வாங்கித் தரான்னு. உனக்கு வேணுங்கறது உனக்குக் கெடச்சுது, எனக்கு வேணுங்கறது எனக்கு. குடு."

"கக்கூஸ் குழியில கெடக்கு. எறங்கி எடுத்துக்க."

எழுந்தான். இருபத்தெட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அவன் கையை ஓங்கியது இன்றைக்குத்தான். ஓங்கினான், அடிக்கவில்லை. "கெழட்டு நாயே" என்றான். கதவுக்குப் போய்த் திரும்பி நின்றான்.

"பரவால்ல. ஒரு தோட்டாவக் கையாலயே உள்ள வச்சுக்கலாம். எனக்கு ஒண்ணு போதும்."

பர்ல் காட்டியது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவனுக்கு எதிராக நான் மறைத்த முதல் விஷயம் அது.

முழங்காலோடு இனெஸ் வீட்டுக்கு நடந்தேன். உனக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. உங்கள் ஊர் போலீசுக்குப் போட்டுச் சொன்னாள். இனி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நீ இருந்தால் இதையும் கேட்டுக்கொள். மூன்று மாதமாக உனக்குத் தெரியும். துருவைப் பார், ஊசியைப் பார், உதட்டைப் பார் என்று எழுதினாய். கடைசியில் என்னையும் அப்படித்தான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாய். இவள் தேறமாட்டாள் என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஜெரேனியம் என்று எழுதினாய். நான் அதற்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

டெல்ஃபியா


டேட்டன்
மே 21

அக்கா,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். இனெஸ் சொல்லியிருப்பாள், ஆனால் நானே எழுத வேண்டும்.

அன்றைக்கு நான் டாக்டரிடம் போயிருந்தேன். போலீஸ் ஒருமுறை வந்து தெருவைப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காதே என்று ட்ரீசாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் வந்ததும் மூட்டை கட்டினோம். அவன் பின்பக்கமாக வந்து, கொசுவலைக் கதவுக்கு அந்தப் புறம் நின்றான். மேஸி "அப்பா" என்றாள். ட்ரீசா குழந்தையைத் தன் பின்னால் தள்ளினாள். அவள் நெஞ்சுக்கு நேரே நீட்டி விசையை அமுக்கினான்.

ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினான். அப்புறம் கையைத் தாழ்த்திப் பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கடைக்காரனிடம் ஏமாந்துவிட்ட மாதிரி. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுப் போலீஸ் வந்துவிட்டது. உள்ளே ஒரு தோட்டா இருந்தது.

உன் கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. ஜெரேனியத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். உன்னை நான் தப்பாக எடைபோட்டேன்.

ஹோபர்ட்


மாவட்டச் சிறை, டேட்டன்
ஜூன் 20

பாட்டிக்கு,

நல்லா இருக்கியா? முட்டி வலி எப்படி? இங்க சாப்பாடு கேவலம், உன் சோள ரொட்டி ஞாபகம்தான்.

அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சுக்க. நான் பயமுறுத்தத்தான் போனேன், என் புள்ளையப் பாக்க விடலங்கற வெறி. எனக்கு வந்திருக்கிற வக்கீல் நல்லவர். உன்கிட்ட ஆள் வருவாங்க. ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லு. பிஸ்டல் உனக்குத்தான் வாங்கினது, ஊருக்குப் போறேன்னு நீயா எரவல் குடுத்த. அப்புறம், மேகசின் இல்லாம அது சுடாதுன்னு கடையில பர்ல் காட்டினப்போ நான் உன் பக்கத்துல நின்னேன். அது போதும். சுடாதுன்னு தெரிஞ்சவன் சுடப் பாத்தான்னு யாரும் சொல்ல முடியாதாம். பர்லுக்கு யார் எங்க நின்னாங்கன்னு ஞாபகம் இல்லையாம். உனக்குத்தான் தெரியும். நீ சொன்னா நம்புவாங்க, உன் முகம் அப்படி.

நீதான் என்னை எல்லார்கிட்டயும் நல்லவன்னு சொல்லுவ. இன்னும் ஒரு தடவ சொல்லு.

உன் செல்லம்
லோனி


சால்ட் லிக் ஓடை
ஆகஸ்ட் 12

ஹோபர்ட்டுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் இருக்கிறேன். உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

பிரெண்டாவைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கெயில் இந்த வருஷம் கன்றுக்குட்டி வளர்க்கிறாள். அழாமல் இருப்பதற்காகப் பெயர் வைக்கவில்லையாம். ரோஜர் வந்தான். தெரிந்தும் சொல்லவில்லை என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். அடுத்த பெயரை எழுத வரும்போது பேனா நின்றுவிடுகிறது. விட்டுவிட்டேன்.

போன வாரம் நீதிமன்றத்தில் என்னை விசாரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் உன்னைப் பார்த்தேன். நீயும் பார்த்திருப்பாய், நான் திரும்பவில்லை. அவன் மீசையை மழித்துவிட்டு, பத்து வயசுப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் காது கேட்காது என்பதால் அரசாங்க வக்கீல் அம்மாள் கிட்டே வந்து கேட்டாள்.

"கடைக்காரர் காட்டும்போது உங்க பேரன் எங்க இருந்தாரு?"

"வெளிய. சிகரெட் புடிச்சிக்கிட்டு."

"நிச்சயமாத் தெரியுமா?"

"கண்ணாடி வழியாப் பாத்தேன். பெருமையாப் பாத்தேன். அதனால நல்லா ஞாபகம் இருக்கு."

பிஸ்டல் யாருக்கு வாங்கினது என்றாள். எனக்கு என்று நினைத்து வாங்கினேன், அவனுக்கு என்று இப்போது தெரியும், நான் கையெழுத்துப் போட்டது பொய் மேல் என்றேன். அவன் சிரிப்பு அப்போதுதான் போயிற்று. என்னை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். வயசானவள், தெரியாமல் செய்தவள், ஒன்றும் ஆகாது என்கிறாள் இனெஸ். ஆனாலும் என் பெயரை நான்தான் எழுதினேன்.

அவன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. சிறைக்கு ரொட்டி அனுப்ப விடுவார்களா என்று மட்டும் ஒருநாள் இனெஸிடம் கேட்டேன். விடமாட்டார்களாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இன்றைக்கு வரவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று பயந்தாய். சரியாகத்தான் பயந்திருக்கிறாய், உறையையே காட்டிக் கொடுத்தவள் நான். அது சரியாக இருப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ட்ரீசாவும் குழந்தையும் இப்போது இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லாதே. நானே கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே.

ஒன்று மட்டும் செய். பழைய படத்தை அவன் கொண்டுபோய்விட்டான், இப்போது அது சாட்சிப் பொருளாக அரசாங்கத்தின் பெட்டியில் இருக்கிறது. மேஸியைப் புதிதாக ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்ப ட்ரீசாவிடம் சொல்லு. பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். ஜன்னல் வேண்டாம், மரம் வேண்டாம், படி வேண்டாம், காலில் என்ன போட்டிருக்கிறாள் என்றும் தெரிய வேண்டாம். முகம் மட்டும் போதும், கொஞ்சம் பெரிதாக. வலது கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது. நீ எனக்குத் தபாலில் போடு.

டெல்ஃபியா